முதலில் டயர், அப்புறம் ரிம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் கை வைக்கும் இடம் பெரும்பாலும் சக்கரம்தான். கம்பெனி கொடுத்த ரிம் சாதாரணமாகத் தெரியும். கடைக்குப் போனால் சுவர் முழுக்கப் பளபளவென்று மாட்டி வைத்திருப்பார்கள். பிடித்த டிசைனைக் காட்டுவோம். "18 இன்ச் போடுங்கண்ணே, கார் நல்லா உட்காரும்" என்பார் கடைத் தம்பி. அதற்கு எந்த டயர் பொருந்துமோ அதை அவரே எடுத்துப் போட்டுவிடுவார். ஒரு வாரம் கழித்து, பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளேயிருந்து 'சர்ர்' என்று உரசும் சத்தம் கேட்கும்.

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கருத்து. சாலையைத் தொடுவது டயர். ரிம் அந்த டயரைத் தாங்கும் சட்டம். ஆகவே முதலில் எந்த டயர் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த டயருக்கு ஏற்ற அகலம், அந்த அகலத்தைக் காருக்குள் சரியாக உட்கார வைக்கும் ஆஃப்செட், அதன் பிறகுதான் டிசைனும் நிறமும். இப்படிப் போனால் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு, பணமும் மிச்சம்.

வெறும் சூத்திரமாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன்: 2012இல் வந்த டொயோட்டா 86. சுபாரு பிஆர்இசட் என்ற பெயரிலும் விற்ற அதே கார். முன்னால் 2 லிட்டர் பாக்ஸர் என்ஜின், 200 குதிரைத் திறன், பின் சக்கர இழுவை, எடை 1,200 கிலோவுக்குச் சற்று மேல். டயர் விஷயத்தைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஏனென்றால் இந்தக் காருக்கு வேண்டுமென்றே சுமாரான டயரைப் போட்டு விற்றார்கள். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், ஒட்டிப்பிடிக்கும் விசேஷ டயரும் வேண்டாம் என்ற முடிவோடுதான் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு இதை வடிவமைத்தது. 17 இன்ச் ரிம்மில் வந்த மிஷ்லின் பிரைமசி எச்பி டயர், பிரியஸ் ஹைபிரிட் காருக்கும் போட்ட அதே ரகம். குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல வழுக்கும், ஓட்டுபவர் அதை உணர்ந்து கட்டுப்படுத்தலாம். அந்தச் சுகத்துக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். டயரை மாற்றினால் காரின் சுபாவமே மாறிவிடும் என்பது இங்கே கண்கூடாகத் தெரியும். அதனால் டயர் மாற்றும் முன் நமக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பது நல்லது.

சரி, டயரின் பக்கச் சுவரில் இருப்பதைப் படிப்போம். 86இல் '215/45 ஆர்17 87டபிள்யூ' என்று இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 45 சதவீதம். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். 45 என்று போட்ட இரண்டு டயர்களின் சுவர் ஒரே உயரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அகலம் கூடினால் அதே 45இல் சுவரும் உயரும். ஆர் என்பது ரேடியல், டயருக்குள் இழைகள் அமைந்த முறை. 17 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 87 என்பது பளு எண். ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரைக்குமான வேகத் தகுதி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 215இல் 45 சதவீதம் 96.75 மி.மீ. ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்பதால் இரண்டால் பெருக்கினால் 193.5. ரிம் 17 இன்ச், அதாவது 431.8 மி.மீ. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 625.3 மி.மீ. இந்த ஒரு எண்ணைச் சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த அளவை யார் சிபாரிசு செய்தாலும் முதலில் இதோடு ஒப்பிட வேண்டும்.

ஏன் இந்த விட்டம் இவ்வளவு முக்கியம்? காரில் பல விஷயங்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், ஏபிஎஸ், வழுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக்ஸ், கியர் விகிதம் எல்லாமே சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில் அமைந்தவை. ரிம் பெரிதானால் டயர் சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளர்களே இதைத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் 86இன் விலை குறைந்த ரகத்துக்கு 205/55 ஆர்16 போட்டார்கள். அதன் விட்டம் 631.9 மி.மீ. உலகம் முழுக்கப் போன 215/45 ஆர்17க்கு 625.3. அடுத்து வந்த ஜிஆர்86இன் மேல் ரகத்துக்கு 215/40 ஆர்18, விட்டம் 629.2. ரிம் 16, 17, 18 என்று ஏறியும் மொத்த விட்டத்தில் 7 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை, பாருங்கள்.

பொதுவாக 3 சதவீதம் வரை ஏறலாம், இறங்கலாம் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் 2 சதவீதத்தையே எல்லையாக வைத்துக்கொள்வேன், அதுவும் ஏறும் பக்கத்தில் கறாராக. ஒரு காரணம் ஸ்பீடோமீட்டர். உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் புதுக் காரில் முள் சற்றுக் கூட்டியே காட்டும். பெரிய டயர் போட்டால் அந்த இடைவெளி கரைந்து, முள் 100 என்று காட்டும்போது நிஜத்தில் அதற்கு மேலே போய்க்கொண்டிருப்போம். இன்னொன்று கியர். 2012 மேனுவல் 86இன் ஃபைனல் டிரைவ் விகிதம், அதாவது கியர்பாக்ஸைத் தாண்டி பின்சக்கர அச்சில் உள்ள பல்சக்கர விகிதம், 4.1. விட்டம் 1.9 சதவீதம் கூடினால் அது 4.02 ஆனதுபோல் நடந்துகொள்ளும். டர்போ இல்லாத, இழுவை அதிகம் இல்லாத என்ஜின் இது. முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அந்தச் சோம்பல் உங்கள் காலுக்கே தெரியும்.

கடையில் அதிகம் சொல்லும் 225/40 ஆர்18 அளவை எடுத்துக்கொள்வோம். விட்டம் 637.2 மி.மீ., அதாவது 1.9 சதவீதம் கூடுதல். விளிம்பில் நிற்கிறது. 235/40 ஆர்18 என்றால் 645.2, 3.2 சதவீதம் கூடுதல், வேண்டாம். 225/45 ஆர்17 என்றால் 634.3, 1.4 சதவீதம், பரவாயில்லை. 245/40 ஆர்17 என்றால் 627.8, அரை சதவீதம்கூட மாறவில்லை. இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவேன்.

அப்புறம் எடை. சக்கரம், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. சாலையின் ஒவ்வொரு குண்டு குழியிலும் இவை மேலும் கீழும் ஆட வேண்டும். கனமாக இருந்தால் குழியில் இறங்கி ஏறத் தாமதமாகும், அந்த நேரம் டயர் சாலையைச் சரியாகப் பிடிக்காது. சுற்றுகிற எடை என்பதால் வேகம் எடுக்கவும் பிரேக் பிடிக்கவும் கூடுதல் வேலை. ரிம் பெரிதாகப் பெரிதாக உலோகம் மையத்தைவிட்டு வெளியே தள்ளிப் போகிறது, அதனால் சுமை இன்னும் உறைக்கிறது. கடையில் ரிம்மை வாங்கும் முன் கையில் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் தராசில் வையுங்கள். ஒரே 17 இன்ச்சில் சாதாரண வார்ப்பு ரிம்முக்கும், அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு ரிம்முக்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரியும். இரண்டுக்கும் நடுவே, வார்த்த பிறகு விளிம்பை மட்டும் உருட்டி இழுத்துச் செய்யும் ஃப்ளோ ஃபார்மிங் ரிம் இருக்கிறது. விலைக்கும் எடைக்கும் நல்ல சமரசம் அது. ஜப்பானிய ரிம் என்றால் உள்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற முத்திரைகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முதலாவது ஜப்பானின் தரநிலை, இரண்டாவது அதைத் தனி அமைப்பு சோதித்ததற்கான அடையாளம். பிரபல டிசைன்களின் போலிகள் ஏராளம். அவை மூலத்தைப் போலவே தெரியும், ஆனால் குழியில் விழுந்தால் விரிசல் விடும்.

குழி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு மழை இரவு. 35 நம்பர் சுவரோடு 18 இன்ச் போட்டிருந்தேன். சுவர் உயரம் 79 மி.மீ.தான், கம்பெனி டயரைவிட 18 மி.மீ. குறைவு. தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளம், பெரிய சத்தம்கூட இல்லை, 'டக்' என்று ஒரு அடி. மறுநாள் காலையில் காற்று பாதி இறங்கியிருந்தது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. ரிம்மைக் கழற்றி உள் விளிம்பில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் மாட்டியது. முடி அளவு விரிசல். அன்றிலிருந்து, தினமும் ஓட்டும் காருக்கு 40க்குக் கீழே சுவர் வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். அந்த ரப்பர் சுவர்தான் ரிம்மைக் காப்பாற்றும் தலையணை.

இப்போது டயரைத் தேர்ந்தெடுப்போம். அன்றாட ஓட்டம், அவ்வப்போது வளைந்து நெளிந்த மலைப்பாதை என்றால் 86க்கு 225/45 ஆர்17 போதும். பல நடுத்தர செடான் கார்களும் இதே அளவைப் பயன்படுத்துவதால் தேர்வு நிறைய, விலையும் நியாயம். 18 இன்ச்சுக்குப் போனால் அதே ரக டயருக்குப் பொதுவாகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். இந்தச் சாதாரண விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரிம் ஒருமுறை செலவு, டயர் ஒவ்வொரு முறை தேயும்போதும் செலவு. டிராக்கில் ஓட்டும் ஆசை உள்ளவர்கள் 245/40 ஆர்17க்குப் போவார்கள். ஆனால் 200 குதிரைத் திறனுக்கு 245 அகலம் கொடுத்தால் பின்பக்கம் வழுக்குவது குறையும், கார் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். சுற்று நேரம் குறையும். பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு கொடுத்த அந்த விளையாட்டும் குறையும். எனக்கு 225 போதும். டிராக்கில் நேரம் குறைப்பதுதான் குறி என்றால் 245 சரியான பதில்.

அகலத்தைவிடப் பெரிய வித்தியாசம் ரப்பரின் தரத்தில் இருக்கிறது. பிரைமசியைக் கழற்றிவிட்டு, அதே 215/45 ஆர்17இல், அதே கம்பெனி ரிம்மில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயரைப் போட்டாலே கார் வேறு ஆளாகிவிடும். முதல்முறை மாற்றுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஒரு செட் டயர் தேயும் வரை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ரிம் மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள்.

ரிம் அகலம். 215/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8 இன்ச் அகல ரிம் அனுமதி. 225/45க்கு 7 முதல் 8.5, 245/40க்கு 8 முதல் 9.5. டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். அந்த எல்லையின் நடுவில் நிற்பது நல்லது. ரிம் குறுகினால் டயர் பலூன் மாதிரி பிதுங்கி, வளைவில் சுவர் மடங்கும். அளவுக்கு மீறி அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும் ஆபத்தும் கூடவே வரும். 225க்கு 8 இன்ச் எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது ஆஃப்செட். பலர் இந்தச் சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். ரொம்பச் சுலபம். ரிம்மை நிமிர்த்தி வைத்து, அகலத்தில் சரிபாதியாக ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காரின் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில், போய் ஒட்டும் தட்டையான முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ரிம்மில் 'ஈடி48' என்று பொறித்திருப்பார்கள். ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. அந்த முகம் சக்கரத்தின் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் பிளஸ். எண் பெரிதானால் சக்கரம் காருக்குள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். அவ்வளவுதான்.

86இன் கம்பெனி ரிம் 17×7, ஈடி48. 7 இன்ச் என்பது 177.8 மி.மீ.; பாதி 88.9. ஹப் முகத்திலிருந்து வெளியே நீளும் தூரம் வேண்டுமானால் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிக்க வேண்டும்: 88.9இல் 48 போக 40.9 மி.மீ. உள்ளே நீளும் தூரத்துக்குக் கூட்ட வேண்டும்: 136.9 மி.மீ. இதே கணக்கை 17×8, ஈடி45க்குப் போடுங்கள். பாதி 101.6. வெளியே 56.6, உள்ளே 146.6. அதாவது ரிம் பழைய இடத்தைவிட வெளியே 15.7 மி.மீ., உள்ளே 9.7 மி.மீ. நீண்டிருக்கிறது. டயர் பிதுங்கும் அளவு மாறுவதால் டயரின் சுவர் இவ்வளவு நகராது, ஆனாலும் திசை இதுதான். 86இல் இந்த அளவு சிக்கல் இல்லாமல் உட்காரும் என்பது பலர் போட்டு ஓட்டிக் கண்ட விஷயம்.

இனி கடைத் தம்பி காட்டிய 18×8.5, ஈடி35ஐப் பாருங்கள். பாதி 107.95. வெளியே 72.95, பழையதைவிட 32 மி.மீ. அதிகம். உள்ளே 6 மி.மீ.தான் கூடியிருக்கிறது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வெளியே வந்துவிட்டால் மட்கார்டு விளிம்பு பக்கத்திலேயே நிற்கும். நேராகப் போகும்போது பிரச்சினை தெரியாது. வளைவில் கார் சாய்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரும் விளிம்பும் சந்திக்கும். கேம்பரைக் கூட்டிச் சக்கரத்தின் தலையை உள்ளே சாய்க்க வேண்டும், இல்லையென்றால் மட்கார்டின் உள் மடிப்பை உருட்ட வேண்டும். இன்னொரு பாதிப்பும் உண்டு. சக்கரம் வெளியே போகப் போக, ஸ்டீரிங் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடுப்பகுதி விலகுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால், அல்லது ஒருபக்கம் ஈரத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் கையிலிருந்து பிடுங்கும். ஹப் பேரிங்குக்கும் பளு கூடும். 86இன் ஸ்டீரிங் அவ்வளவு துல்லியமானது. அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

உள்பக்கம் முன்சக்கரத்தில் தொந்தரவு தரக்கூடியது ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். மெக்ஃபெர்சன் வகை என்பதால் ஸ்பிரிங் உட்காரும் தட்டு டயருக்கு வெகு பக்கத்தில் இருக்கும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் நேரில் பார்த்துவிட வேண்டும். நான் செய்வது இது: குழந்தைகள் விளையாடும் களிமண் கொஞ்சம் வாங்கி, நெல்லிக்காய் அளவு உருட்டி, ஸ்ட்ரட்டில் டயருக்கு நேரே ஒன்று, பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் முகத்தில் ஒன்று, மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் முன்னும் பின்னும் ஒன்று என்று ஒட்டுவேன். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புவேன். கழற்றிப் பார்த்தால் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் மிச்சமுள்ள இடைவெளி. ஸ்ட்ரட் பக்கம் 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த ரிம்மை நான் எடுக்க மாட்டேன். நல்ல கடைக்காரர் ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்க்க மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு கடை.

போல்ட் சமாச்சாரம் கொஞ்சம்தான், ஆனால் அதில் சமரசம் கிடையாது. 86க்கு ஐந்து ஸ்டட் (ஹப்பிலிருந்து நீளும் போல்ட்), அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மி.மீ.; இதைத்தான் பிசிடி 5×100 என்பார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பது 5×114.3. அது 86க்குப் பொருந்தவே பொருந்தாது, வேறு துளை போட்டு மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தக் கார் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் சுபாரு தொழிற்சாலையில் உருவானது, அதனால் ஸ்டட் மரையும் சுபாருவின் 12×1.25 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி). டொயோட்டா என்று பெயர் இருக்கிறதே என்று மற்ற டொயோட்டாக்களின் 12×1.5 நட்டை முடுக்கினால் ஸ்டட்டின் மரை போய்விடும். நட்டின் அடிப்பகுதி கூம்பா உருண்டையா என்பதும் ரிம்மின் குழியோடு ஒத்துப்போக வேண்டும்.

நடுத் துளை இன்னொன்று. 86இன் ஹப் 56.1 மி.மீ. வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 73.1 மி.மீ. போன்ற பெரிய துளையோடு வரும். நடுவில் பொருத்தும் வளையம் போடாமல் விட்டால் சக்கரம் ஒரு துளி மையம் தவறி உட்காரும். பழைய ரிம் ஒரு செட் வாங்கிப் போட்டபோது எனக்கு 90ஐத் தாண்டியதும் ஸ்டீரிங் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. கடைசியில் நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் போட்டதும் அன்றே நின்றது.

டயர் வாங்கும்போது பளு எண்ணை மறுபடி பாருங்கள். பழையது 87 என்றால் புதியது 87ஓ அதற்கு மேலோ இருக்கட்டும். வேகத் தகுதியும் அப்படியே. சுவர் குறைந்த டயர்களில் பளு எண் இறங்கிவிடுவது உண்டு. அங்கே எக்ஸ்எல் என்று குறித்த, பலப்படுத்திய ரகத்தைத் தேடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ரகம், ஒரே அளவு. 86இல் முன்னும் பின்னும் ஒரே அளவு என்பது காரின் சமநிலையில் ஒரு பகுதி, பின்னால் மட்டும் அகலப்படுத்தினால் முன்பக்கம் வளைய மறுக்கும்.

ஆக, பர்ஸில் இருக்கும் சீட்டில் இப்போது இப்படி எழுதியிருக்கும்: டயர் 225/45 ஆர்17, பளு 91, ரிம் 17×8, ஈடி45, 5×100, ஹப் 56.1க்கு வளையம், நட் 12×1.25. கடையில் இந்தச் சீட்டை நீட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். மாட்டி முடித்ததும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்) கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள், காற்றுத் துப்பாக்கியால் மட்டும் விட வேண்டாம். வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, சக்கரம் ஆறியிருக்கும்போது நட்டுகளை இன்னொரு தடவை சரிபாருங்கள். அப்படியே முன் மட்கார்டுக்குள் கையை விட்டு பிளாஸ்டிக்கைத் தடவிப் பாருங்கள். எங்கேயாவது வழவழப்பாகத் தேய்ந்த புதுத் தடம் தட்டுப்பட்டால் டயர் அங்கே உரசுகிறது, உடனே காரைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.